வேலியோர முள்கொடி: வெட்ட வெட்ட ஏன் அடர்ந்து வருகிறது, எந்த வரிசையில் அகற்றுவது

வேலியை மூடிக் கிடக்கும் முள்கொடியை நாள் முழுக்க நின்று வெட்டித் தள்ளியவர்கள், சில வாரம் கழித்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். வெட்டுவதற்கு முன்னால் இருந்ததைவிட இப்போது ஏன் இத்தனை அடர்த்தியாக வருகிறது? மருந்து அடி என்பார் ஒருவர், தீ வை என்பார் இன்னொருவர், ஆட்டை விடு என்பார் மூன்றாமவர். ஓரிடத்தில் பொருந்துவது இன்னோரிடத்தில் பெரிய தவறாக முடியும். எது எங்கே பொருந்தும் என்று தெரிய வேண்டுமானால், அந்தக் கொடி தன் உயிரை எங்கே வைத்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சிறிய நிலம் வைத்திருப்பவருக்கு இது கூடுதல் முக்கியம். பெரிய இயந்திரம் கொண்டுவந்து வேலியையே பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடும் வசதி அவருக்கு இருக்காது. இருக்கிற வேலியைக் காப்பாற்றிக்கொண்டே கொடியை எடுக்க வேண்டும்.

## முதலில் நான்கு சொற்கள்

1. ஆக்கிரமிப்புத் தாவரம். வெளியிலிருந்து வந்த செடியெல்லாம் ஆக்கிரமிப்பு அல்ல. வேறு நிலப்பகுதியிலிருந்து வந்து, யாரும் நடாமலே தானாகப் பரவி, அங்கே இருப்பதை நசுக்கும் செடியைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஒரே செடி தன் சொந்த நிலத்தில் சாதுவாகவும் இன்னொரு நிலத்தில் அடங்காததாகவும் இருக்கும். அதைத் தின்னும் பூச்சியும் அதைத் தாக்கும் நோயும் கூடவே வராததுதான் பெரும்பாலும் காரணம்.

2. முள். தமிழில் எல்லாவற்றையும் முள் என்றே சொல்கிறோம், தாவரவியலில் மூன்று வகை உண்டு. தண்டே கூராகி முள்ளாவது ஒன்று, காகிதப்பூவின் முள் அப்படித்தான். இலை முள்ளாக மாறுவது இரண்டாவது, கள்ளியில் பார்ப்பது. தோலிலிருந்து புடைத்து எழுவது மூன்றாவது, ரோஜாவில் இருப்பது. ரோஜா முள்ளைப் பக்கவாட்டில் அழுத்தினால் சட்டென்று பெயர்ந்துவரும், காகிதப்பூ முள் அப்படி வராது, தண்டின் நாரோடு ஒட்டியிருக்கும். ஏறு கொடிகளில் அதிகம் காண்பது மூன்றாவது வகைதான், அதுவும் பின்பக்கமாக வளைந்த கொக்கி.

3. தூர். தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்மட்டத்துக்குச் சற்று மேலோ கீழோ இருக்கும் தடித்த முண்டு. புதுத் துளிர் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்பும். இந்தக் கட்டுரையில் அதிகம் வரப்போவது இந்தச் சொல்தான்.

4. விதை வங்கி. மண்ணுக்குள் முளைக்காமல் உறங்கிக் கிடக்கும் விதைகளின் இருப்பு. மேலே உள்ளதை எல்லாம் அகற்றிய பிறகும் இந்த இருப்பு தீரும்வரை வேலை தீராது.

## ஏன் குறிப்பாக வேலியோரம்

வயலின் நடுவில் இந்தக் கொடிகள் அவ்வளவாக வருவதில்லை. வேலியோரத்தில்தான் வருகின்றன. அதற்கு நான்கு காரணங்கள் ஒரே இடத்தில் கூடி நிற்கின்றன.

1. பறவைகள் கம்பியிலும் தூணிலும் உட்கார்கின்றன. பழத்தைத் தின்றுவிட்டு அங்கேயே எச்சமிடுகின்றன. விதை நேராகக் கம்பிக்கு அடியில் விழுகிறது. நாற்றுகள் கோடு போட்டாற்போல் வரிசையாக முளைத்திருப்பதைப் பார்த்தாலே இது புரியும்.

2. உழவும் புல்வெட்டியும் வேலிக்கு ஒரு முழம் தள்ளியே திரும்பிவிடுகின்றன. ஆண்டு முழுக்க யாரும் தொடாத ஒரு பட்டை அப்படி உருவாகிவிடுகிறது.

3. கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும். தானாக நிமிர்ந்து நிற்கத் தடித்த தண்டு வளர்க்கிற செலவை வேலி மிச்சமாக்கிக் கொடுக்கிறது. அந்த மிச்சமெல்லாம் நீளமாகவும் இலையாகவும் போகிறது.

4. மனிதர்களே கொண்டுவந்து நட்டது. இதைப் பலரும் மறந்துவிடுகிறோம்.

நான்காவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மல்ட்டிஃபுளோரா ரோஜா என்ற காட்டுரோஜா வகை ஆசியாவிலிருந்து 1866இல் அமெரிக்காவுக்குப் போனது, அலங்கார ரோஜாக்களை ஒட்டுக்கட்டுவதற்கான வேர்ச்செடியாக. 1930களில் அங்கே மண் அரிப்பைத் தடுக்கவும் கால்நடைகளைத் தடுத்து நிறுத்தவும் உயிர்வேலியாக நடச் சொல்லி அரசே ஊக்கப்படுத்தியது. பிறகு பல மாநிலங்கள் அதையே தடைசெய்யப்பட்ட களையாக அறிவித்தன. இமாலய பிளாக்பெர்ரி என்ற, கருப்புப் பழம் தரும் முள்கொடிக்குப் பெயரில் மட்டும்தான் இமயமலை. அதன் சொந்த இடம் ஆர்மீனியா, வட ஈரான் பக்கம். இந்தியாவிலிருந்து வந்த விதை என்று எண்ணி, புதுச் செடிவகைகளை உருவாக்கிவந்த அமெரிக்கர் லூதர் பர்பாங்க் 1885இல் அதை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார், பெரிய இனிப்புப் பழம் தரும் என்பதற்காக. மைசூர் முள் என்ற கொடியும் ஆசியாவிலிருந்து உயிர்வேலிக்காகத்தான் தென்னாப்பிரிக்கா போன்ற இடங்களுக்குப் போய் அங்கே காடுகளுக்குள் இறங்கியது. தென்னமெரிக்கப் பக்கத்து உன்னிச்செடி, அழகுக்காகவும் வேலிக்காகவும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது. கொடி என்று சொல்ல முடியாத, ஆனால் மேலே சாய்ந்து ஏறும் புதர் அது.

ஆக, மாடு நுழையக் கூடாது, சீக்கிரம் வளர வேண்டும், கவனிக்காமலே பிழைக்க வேண்டும், வெட்டினால் அடர்ந்து வர வேண்டும் என்று நல்ல உயிர்வேலிக்கு எந்தக் குணங்களைத் தேடினார்களோ, அதே குணங்கள்தான் இன்று அதை அகற்றவிடாமல் தடுக்கின்றன.

## வெட்டினால் ஏன் பெருகுகிறது

ஒரு தண்டின் நுனிமொட்டு இருக்கும்வரை, கீழே உள்ள பக்கமொட்டுகளை அது அடக்கியே வைத்திருக்கும். நுனியில் உருவாகிக் கீழே இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. நுனியை வெட்டியதும் அடக்கம் போய்விடுகிறது. உறங்கிக் கிடந்த மொட்டுகள் ஒன்றாக விழிக்கின்றன. ஒரு தண்டு இருந்த இடத்தில் நான்கைந்து வருகிறது. பூச்செடியைக் கவாத்து செய்கிறோம் அல்லவா, அதேதான்.

அந்தத் துளிர்களுக்கு உணவு எங்கிருந்து வருகிறது? தூரிலும் வேரிலும் மாவுச்சத்தாகச் சேமித்து வைத்ததிலிருந்து. இலை விரிந்து தானே உணவு தயாரிக்கத் தொடங்கும்வரை இந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவு. இலை விரிந்த பிறகு கணக்கு மாறுகிறது, எடுத்ததைத் திருப்பி வைக்க ஆரம்பிக்கிறது. ஆகவே வெட்டிவிட்டு ஆறு மாதம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் கொடி தான் செலவழித்ததை எல்லாம் திரும்பச் சேர்த்துவிடும். துளிர் முழங்கால் உயரம் வரும்போதே மறுபடி வெட்டினால் அது செலவழித்துக்கொண்டே இருக்கும், சேர்க்க முடியாது. பிளாக்பெர்ரி போன்றவற்றில் பூக்கத் தொடங்கும் நேரத்தில் வேரின் சேமிப்பு மிகக் குறைவாக இருக்கும், அப்போது விழும் வெட்டு அதிகம் வலிக்கும். குளிரில் உறங்கும்போது வெட்டுவது நமக்குச் சுலபம்தான், இலை இருக்காது, கம்பி தெரியும். ஆனால் சேமிப்பு அப்போது நிறைந்து இருக்கிறது, அந்த வெட்டு கொடியைக் கொல்லாது.

வெட்டு இன்னொன்றையும் செய்கிறது. இத்தனை நாள் நிழலில் கிடந்த மண்ணில் வெயில் விழுகிறது. விதை வங்கி திறக்கிறது.

நுனியில் நடப்பதையும் பார்க்க வேண்டும். பிளாக்பெர்ரியின் நீண்ட தண்டு வளைந்து தரையைத் தொட்டிருக்கும் இடத்தில் இலையை விலக்கிப் பார்த்தால், நுனி சற்றே தடித்து வெளிறி, மண்ணுக்குள் மூக்கை நுழைத்தாற்போல் இருக்கும். லேசாக இழுத்தால் வராது, ஏனென்றால் அதற்குள் வெள்ளை வேர்கள் கொத்தாக இறங்கியிருக்கும். அங்கே ஒரு புதுத் தூர் உருவாகிக்கொண்டிருக்கிறது. வேலிக்கு அடியில் இருக்கும் தாய்த்தூரை மட்டும் தோண்டிவிட்டு, ஒன்றரை ஆள் தூரத்தில் இருக்கும் இந்தக் குழந்தையை விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு வேலியை நோக்கித் திரும்பி வருவது அதுதான்.

## உயிர் எங்கே இருக்கிறது

எல்லா முள்கொடிக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஓரிடத்தில் தோண்டிப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

1. தூரில் உயிர் உள்ளவை. பிளாக்பெர்ரி, மல்ட்டிஃபுளோரா ரோஜா, உன்னிச்செடி எல்லாம் இந்த வகை. தூரை முழுதாக எடுத்தால் பெரும்பகுதி முடிந்தது. பிளாக்பெர்ரியில் மட்டும் மண்ணில் தங்கிவிடும் வேர்த்துண்டும் துளிர்க்கும், அதனால் பென்சில் தடிமன் உள்ள வேர்வரை பின்தொடர்ந்து எடுப்பது நல்லது. உன்னிச்செடிக்கு இந்தியக் காடுகளில் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. தூருக்குக் கீழே, மண்மட்டத்திலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். துளிர்க்கும் பகுதி வெட்டுக்கு மேலே போய்விடுகிறது, கீழே தங்கிய வேரிலிருந்து துளிர் வருவதில்லை.

2. கிழங்கு உள்ளவை, ஆனால் கிழங்கில் உயிர் இல்லாதவை. தண்ணீர்விட்டான் இனத்துக் கொடிகளில் சில, பல நாடுகளில் ஆக்கிரமிப்புக் களையாகிவிட்டன. தோண்டினால் கொத்துக் கொத்தாகக் கிழங்கு. பார்த்ததும் மனசு விட்டுப்போகும், இதையெல்லாம் எப்போது பொறுக்கி முடிப்பது என்று. பொறுக்கவே வேண்டாம். தமிழ்ப் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது, அந்தக் கிழங்கு தண்ணீர்ச் சேமிப்பு, அதிலிருந்து துளிர் வராது. நடுவில் இருக்கும் தூரை மட்டும் கத்தியால் சுற்றி அறுத்து எடுத்தால் போதும்.

3. கிழங்கிலேயே உயிர் உள்ளவை. பூனைநகக் கொடி இதற்கு உதாரணம். அதன் இலைநுனியில் மூன்று விரல் போன்ற கொக்கி இருக்கும், சரியாகச் சொன்னால் அது முள் அல்ல, பற்றிக்கொள்ளும் நகம். மண்ணில் தங்கிய ஒவ்வொரு கிழங்கும் புதுக் கொடியாகும். இங்கே தோண்டுவது மட்டும் போதாது, பல ஆண்டு பின்தொடர வேண்டும்.

4. துண்டில் உயிர் உள்ளவை. பெரெஸ்கியா என்ற இலையுள்ள கள்ளிக்கொடியில் தண்டுத் துண்டு மட்டுமல்ல, விழுந்த இலைகூட வேர்விடும். இதைச் சுழல் பிளேடு கொண்டு அடித்துச் சிதறடித்தால் ஒன்று நூறாகும். வெட்டியதை ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும்.

5. விதையில் பலம் உள்ளவை. ஆனைத்தொட்டாச்சுருங்கியின் தண்டு பட்டை பட்டையாகக் கோணம் வைத்து, பட்டையெல்லாம் வளைந்த முள்ளாக இருக்கும். அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகூடத் தாங்கும். காய்க்கு முன்னால் எடுத்தால் பாதி வெற்றி, காய்த்த பிறகு எடுத்தால் கூடவே விதையையும் தூவியதாகிவிடும். காயில் உள்ள சுணை ஆட்டின் ரோமத்திலும் நம் துணியிலும் ஒட்டிக்கொண்டு நகரும், வேலை முடிந்து வெளியே வரும் முன்பு காலணியையும் உடையையும் அங்கேயே தட்ட வேண்டும்.

## வேலிக்கு என்ன நடக்கிறது

கொடியின் எடையில் கம்பி தொய்கிறது. காற்றடிக்கும்போது இலைத்திரை பாய்மரம் போல் வேலியை இழுக்கிறது, ஓரத்தூண்கள் சாய்கின்றன. அடியில் ஈரம் தங்குவதால் மரத்தூண் மண்மட்டத்தில் மக்குகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது. மின்வேலியாக இருந்தால் கம்பியைத் தொடும் ஒவ்வொரு பச்சைத்தண்டும் மின்சாரத்தை மண்ணுக்குக் கசியவிடும், வேலி உயிரோடு இருப்பதுபோல் தோன்றும், ஆனால் கடைக்கோடிவரை மின் உதை போய்ச் சேராது. எல்லாவற்றுக்கும் மேலே, எங்கே அறுந்திருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

## வேலையின் வரிசை

அவசரத்தில் வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும். முழு வேலியையும் அரைகுறையாக வெட்டி வைப்பதைவிட, பத்து மீட்டரைத் தோண்டிச் சுத்தமாக முடிப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. வெட்டிவிட்டுத் தோண்டாமல் போட்ட நீளம் முழுவதும், நாம் திரும்பி வருவதற்குள் மறுபடி மூடிவிடும்.

1. இரண்டு பக்கமும் நடந்து பார்ப்பது. குளவிக்கூடு, பாம்பு, குஞ்சுள்ள பறவைக்கூடு, உள்ளே மறைந்திருக்கும் அறுந்த கம்பி, எல்லாவற்றையும் நீளக்கம்பால் விலக்கிப் பார்க்க வேண்டும். கூட்டில் குஞ்சு இருந்தால் அந்தப் பகுதியைக் குஞ்சு பறக்கும்வரை விட்டுவிடலாம், மற்ற பக்கம் வேலை கிடக்கிறதே. மின்வேலியானால் இணைப்பைத் துண்டித்த பிறகே தொட வேண்டும்.

2. பழத்தை முதலில் எடுப்பது. பழமோ காயோ இருந்தால் அந்தக் கிளைகளைத் தனியாக வெட்டிச் சாக்கில் போட்டுக் கட்டிவிட வேண்டும். இழுக்கும்போது உதிர்ந்தால் அத்தனையும் மண்ணுக்குப் போகும்.

3. இரண்டு உயரத்தில் வெட்டி, மேலே உள்ளதை அப்படியே விடுவது. முழங்கால் உயரத்தில் ஒரு வெட்டு, தோள் உயரத்தில் ஒரு வெட்டு. நடுவில் உள்ள துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, கம்பியில் பின்னியிருக்கும் மேல்பகுதியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். பச்சையாக இருக்கும்போது அதை இழுத்தால் கூடவே கம்பியும் வரும், ஆணி பிடுங்கிக்கொள்ளும், தூண் ஆடும். மூன்று நான்கு வாரத்தில் இலை உதிர்ந்து எடை குறைந்துவிடும், தண்டு சுள்ளியாக ஒடியும். இரண்டு இடத்தில் மட்டும் இப்படி விடக்கூடாது. தீப்பிடிக்கும் வறண்ட காலத்தில் காய்ந்த கொடி வேலி நெடுக ஒரு திரியாகிவிடும். பெரெஸ்கியா போன்றவை வெட்டிய பிறகும் லேசில் காயாது, தொங்கிக்கொண்டே உயிர் வாழும்.

4. நுனிப்பக்கமாக இழுப்பது. கொக்கிமுள் எல்லாம் அடிப்பக்கத்தைப் பார்த்து வளைந்திருக்கும். கொடி மேலே ஏறலாம், கீழே சரியாது, அதற்காகத்தான் அந்த வளைவு. வெட்டிய துண்டை அடிப்பக்கமாக இழுத்தால் ஒவ்வொரு முள்ளும் கம்பியில், சட்டையில், பக்கத்துத் தண்டில் மாட்டும். நுனிப்பக்கமாக இழுத்தால் முள் படிந்துகொண்டு வழுக்கி வரும். ஒரு துண்டைக் கையுறை போட்ட உள்ளங்கையில் வைத்து இரண்டு பக்கமும் நகர்த்திப் பார்த்தால் வித்தியாசம் அந்த நொடியே தெரியும்.

5. கையை உள்ளே விடாமல் வேலை செய்வது. மேலே உள்ளதைக் கொக்கி போட்டு இறக்கத் துரட்டி, கீழே உள்ளதை அழுத்தித் தூக்கக் கவைக்கம்பு. இந்த இரண்டும் இருந்தால் முள்குவியலைக் கையால் அள்ளவே தேவையில்லை. கவையால் அழுத்தியபடி உருட்டினால் கொடி பாய்போல் சுருண்டு வரும். கம்பிக்குப் பக்கத்தில் சுழல் பிளேடு இயந்திரம் வேண்டாம், பிளேடில் கம்பி சிக்கினால் இயந்திரம் கையை விட்டுத் துள்ளும், அறுந்த துண்டு குண்டுபோல் பறக்கும். விறைப்பாக நிற்கும் கம்பியை அறுக்க நேர்ந்தால் அது சாட்டைபோல் திரும்பி வரும், முகத்தை அந்தக் கோட்டில் வைக்கக்கூடாது.

6. கம்பியை விழுங்கிய தண்டை விட்டுவிடுவது. பழைய தண்டு கம்பியைச் சுற்றித் தடித்து அதை உள்ளே வாங்கியிருக்கும். கம்பிக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு அறுத்துவிட்டால் போதும், நடுத்துண்டு தானாகக் காய்ந்து உதிரும். பிளந்து எடுக்கப்போனால் போவது கம்பிதான்.

7. தூரைத் தோண்டுவது. அடித்தண்டைத் தரைமட்டமாக வெட்டிவிட வேண்டாம். ஒரு அடி நீளம் விட்டுவைத்தால் தூர் எங்கே என்று தெரியும், நெம்பும்போது பிடியாகவும் இருக்கும். மண் ஈரமாக இருக்கும் நாளில், சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினால் தூர் முனகிக்கொண்டு எழும்பும். எடுத்த தூரை மண்ணை உதறி, வேர் வானத்தைப் பார்க்கும்படி கல்மேல் கவிழ்த்து வையுங்கள். மண்மேல் படுத்தால் மழையில் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

8. தூணடியில் மட்டும் வேறு வழி. தூணை ஒட்டி இருக்கும் தூரைத் தோண்டினால் தூண் தளர்ந்துவிடும். அங்கே மட்டும் துளிரைத் திரும்பத் திரும்பக் கிள்ளிக்கொண்டே வரலாம், இல்லையென்றால் வெட்டுவாயில் மருந்து தடவலாம்.

## மருந்து, தீ, ஆடு

மருந்து. இலைமேல் தெளிப்பதைவிட, வேலியோரத்துக்கு வெட்டுவாயில் தடவும் முறை நல்லது. அடித்தண்டை வெட்டியதும், கிளைஃபோசேட் போன்ற தண்ணீரில் கரையும் மருந்தானால் சில நிமிடங்களுக்குள், தூரிகையால் வெட்டுவாயில் பூச வேண்டும். தாமதித்தால் சாறு காய்ந்து வாய் மூடிக்கொள்ளும், மருந்து உள்ளே இறங்காது. முதலில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, மதியம் சாப்பிட்டு வந்து பூசுவது வீண்வேலை. கையில் ஒரு பக்கம் கத்தரி, மறுபக்கம் தூரிகை, வெட்டு, பூசு, அடுத்தது. அளவு, பாதுகாப்பு, எந்தச் செடிக்கு அனுமதி என்பதெல்லாம் புட்டியின் மேல் எழுதியிருப்பதே சட்டம், நாட்டுக்கு நாடு மாறும். கிணறு, வாய்க்கால், அடுத்தவர் பயிர் பக்கத்தில் இருந்தால் தோண்டுவதே மேல். இன்னொன்று முக்கியம். மருந்தில் வாடும் நச்சுச்செடி சிலவற்றைக் கால்நடைகள் வழக்கத்தைவிட விரும்பித் தின்னும், முழுதாகக் காய்ந்து அகற்றும்வரை அந்தப் பக்கம் மேயவிடக்கூடாது.

தீ. நிற்கும் வேலியில் தீ வைப்பது எந்த நிலையிலும் வேண்டாம். மரத்தூண் போய்விடும் என்பது கண்ணுக்குத் தெரியும். கம்பிக்கு என்ன ஆகும் என்பது தெரியாது. துருப்பிடிக்காமல் காப்பது மேலே உள்ள துத்தநாகப் பூச்சு, அது 419 டிகிரி செல்சியஸில் உருகும். கொழுந்துவிட்டு எரியும் முள்குவியல் அந்தச் சூட்டை எட்டிவிடும். பூச்சு போன கம்பி ஓரிரு மழையில் சிவந்துவிடும், விறைப்பும் போகும். தவிர, தீ மேலே உள்ளதைத்தான் எரிக்கிறது, மண்ணுக்குள் உள்ள தூர் அப்படியே இருக்கும். வெட்டிய குவியலை எரிக்கலாம், அதுவும் அனுமதி உள்ள இடத்தில், வேலியிலிருந்து தள்ளி, காற்றில்லாத நாளில்.

ஆடு. பிளாக்பெர்ரிக்கும் மல்ட்டிஃபுளோரா ரோஜாவுக்கும் ஆட்டைப்போல் நல்ல வேலையாள் இல்லை. துளிரைத் தேடித் தேடித் தின்னும், அதாவது மேலே சொன்ன திரும்பத் திரும்ப வெட்டும் வேலையைச் செய்யும். ஒருமுறை விட்டுவிட்டு நிறுத்தினால் பலன் இல்லை. உன்னிச்செடிக்கு ஆட்டை அனுப்பாதீர்கள். அதன் இலையில் உள்ள நச்சு கல்லீரலைக் கெடுக்கும், அதன் பிறகு வெயில் பட்டாலே தோல் வெந்து புண்ணாகும், மாடு ஆடு இரண்டுக்கும் ஆபத்து. பெயர் தெரியாத கொடிக்கு ஆட்டை விடுவது அதனால்தான் தவறு.

## குத்திய முள்ளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்

இதை ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனமில்லை. முள் குத்துவது சிறிய காயம், ஆனால் ஆழமான காயம், மண்ணும் கூடவே உள்ளே போகிறது. இரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி மண்ணில் இருப்பது, தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று வேலைக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை முள்வழி தோலுக்குள் போனால், சில வாரம் கழித்து வலியில்லாத சிறு கட்டி வரும், பிறகு கை நெடுக வரிசையாக மேலேறும். ரோஜாத் தோட்டக்காரர் நோய் என்றே அதற்குப் பெயர் உண்டு. விரல்மூட்டில் குத்திய முள்ளின் நுனி உள்ளே ஒடிந்து தங்கினால், காயம் ஆறிய பிறகும் மூட்டு வீங்கும், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. மருத்துவரிடம் போகும்போது முள் குத்தியது என்று நாமாகச் சொன்னால்தான் அந்தக் கோணத்தில் பார்ப்பார்.

முழங்கைவரை வரும் தோல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, தடித்த காலணி. கண்ணாடியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விட்டுவிடாதீர்கள், இழுத்த கொடி விடுபடும்போது சுழன்று வருவது முகத்துக்குத்தான்.

## வெட்டிய பிறகு வரும் ஆண்டுகள்

முதல் நாள் வேலையைவிட, ஆறு வாரம் கழித்துப் போகும் அரை நாள்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. அப்போது மூன்று வகைத் துளிர் தெரியும்.

1. தோண்டிய குழியின் ஓரத்திலிருந்து வரும் தடித்த துளிர். தூரின் மிச்சம் உள்ளே இருக்கிறது என்று பொருள், மறுபடி தோண்ட வேண்டும்.

2. சற்றுத் தள்ளி, தனியாக வரும் துளிர். நுனி வேர்விட்ட குழந்தைத்தூரோ, வேர்த்துண்டோ. இழுத்துப் பார்த்தால் தெரியும்.

3. கம்பிக்கு நேர் கீழே மெல்லிய நாற்றுகள், வரிசையாக. இவை விதை வங்கியிலிருந்து வருபவை. ஈரத்தில் இரண்டு விரலால் இழுத்தாலே வரும். இன்று விரலுக்கு வருவது அடுத்த ஆண்டு கடப்பாரை கேட்கும்.

எத்தனை ஆண்டு இப்படிப் போக வேண்டும் என்பதை விதையே சொல்கிறது. பிளாக்பெர்ரி விதை மண்ணில் சில ஆண்டு தாங்கும், மல்ட்டிஃபுளோரா ரோஜா விதை 20 ஆண்டுவரைகூடத் தாங்கும் என்று கணக்கிடுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை, முதல் இரண்டு மூன்று ஆண்டுதான் நாற்று அதிகம் வரும், புதிதாகக் காய்க்க விடாவிட்டால் பிறகு குறைந்துகொண்டே போகும்.

மண்ணை வெறுமையாக விடக்கூடாது. வெறும் மண்ணுக்கு யாராவது வந்தே தீருவார்கள், முதலில் வருவது மறுபடி அதே கொடிதான். அடர்ந்து படரும் புல்லோ, அந்த இடத்துக்கே உரிய தரைமூடிச் செடியோ உடனே போட்டுவிட வேண்டும். தடித்த மூடாக்கும் நாற்றை அடக்கும், ஆனால் பழைய தூரின் துளிர் மூடாக்கைக் குத்திக்கொண்டு வரும், அதை நம்பித் தோண்டாமல் விடக்கூடாது. வேலிக்கு இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் அகலம் புல்வெட்டி ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள், கல், பழைய தூண், கம்பிச்சுருள் எதையும் அங்கே சாய்த்து வைக்காமல்.

அப்புறம், வேலிக்கு மறுபக்கம் இருப்பவர். பாதித் தூர்கள் அவர் நிலத்தில் இருக்கும். சொல்லாமல் அவர் பக்கத்தில் மருந்து தடவுவதோ தோண்டுவதோ சண்டையில் முடியும், அவர் செய்யாமல் நாம் மட்டும் செய்தால் வேலை வீணாகும். வெட்டும் நாளுக்கு முன்பே போய்ப் பேசி, இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் செய்வதாக வைத்துக்கொண்டால், நுனி வேர்விட்ட குழந்தைத்தூர்களையும் அப்போதே பிடித்துவிடலாம்.

தோண்டிய ஒவ்வொரு தூரின் இடத்திலும் ஒரு குச்சி நட்டு வையுங்கள். புல் வளர்ந்த பிறகு எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று அதுதான் காட்டும். ஒரு முழு ஆண்டு எந்தக் குச்சிக்குப் பக்கத்திலும் துளிர் வராமல், நாற்று மட்டுமே வந்தால், தூர் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு குச்சிகளைப் பிடுங்கிவிடலாம். அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு நடை போதும். ஒன்று முதல் மழை நின்று நாற்று தெரியும்போது, இன்னொன்று பறவைகளின் பழக்காலம் முடிந்து இரண்டு மாதம் கழித்து.